கணக்கெழுதும் கையும் கையொப்பமிடும் கையும்

தமிழ்த்துறை மலரில் கணக்கர் ஒழுக்கம் குறித்துக் கட்டுரையா என்று வணிகவியல் துறை நண்பர்கள் புன்முறுவல் பூக்கக்கூடும். கணக்கு என்னும் சொல்லில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதை அவர்கட்கு நினைவூட்ட விழைகிறோம். நூலைக் கணக்கு என்றது பழந்தமிழ். பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயரே அதற்குச் சான்று. ஆசிரியரைக் கணக்காயர் என்றனர். நக்கீரனாரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் என்றே அறியப்படுகிறார். எழுத்தும் எண்ணும் ஒரே திண்ணையில் ஒரே ஆசிரியரால் கற்பிக்கப்பட்ட நாளில், எழுதுகின்றவன் பொய் எழுதலாகாது என்பதும் அத்திண்ணையிலேயே கற்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பின்னாளில் எழுத்து எம் துறைக்கும் எண் பிற துறைகட்கும் எனப் பிரிந்து போயின. எழுதுவோனின் ஒழுக்கம் எத்துறையின் பங்கில் விழுந்தது என்பதுதான் தெளிவாகவில்லை. அதனால் இவ்வாண்டு அதனை யாம் எடுத்துக்கொண்டோம்.

கனகம்மாசத்திரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வந்து, பகுதி ஒன்றில் எம்மிடம் தமிழ் பயிலும் மாணவருள் வணிகவியல் மாணவர் பலர். இவர்களுள் ஆடிட்டர் ஆக வேண்டும் என்னும் கனவில்லாதவர் அரியர். ஆயின் பட்டயக் கணக்கர் தேர்வு என்னும் செங்குத்தான மலையின் உச்சியைத் தொடுபவர் மிகச் சிலரே. மற்றையோர் திருவள்ளூரிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும், பொதட்டூர்பேட்டை நெசவுக் கூடங்களிலும், அரிசி மண்டிகளிலும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்க் கடைகளிலும் கணக்கெழுதும் பிள்ளைகளாக அமர்கின்றனர். கணினியில் டேலி தெரியும், சரக்கு சேவை வரிப் படிவம் நிரப்பத் தெரியும் என்பதே இவர்தம் தகுதிச் சான்று. நாட்டின் பேரேடுகளை உண்மையில் எழுதுபவர்கள் இவர்களே. ஆடிட்டர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். இவர்கள் நாள்தோறும் எழுதுகின்றனர்.

இத்தகைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகட்கு முன் எம்மை வந்து கண்டார். ஒரு மண்டியில் கணக்கு வேலை. வங்கிக் கடனைப் புதுப்பிக்கும் பொருட்டு, இருப்புச் சரக்கின் மதிப்பை ஏற்றி எழுதுமாறு உரிமையாளர் கூறியிருக்கிறார். தயங்கி நின்ற இளைஞருக்கு, “கையெழுத்துப் போடப்போறது ஆடிட்டர், உனக்கென்னப்பா வந்தது?” என்று ஆறுதலும் கூறியிருக்கிறார். மாணவர் எம்மிடம் கேட்டது இது: “ஐயா, ஆடிட்டருக்குச் சட்டம் இருக்கிறது, கழகம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?”

இவ்வினாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கர்களுக்கான ஒழுக்க நெறிகள் சிலவற்றை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒப்பிலக்கியம் பயின்றவர்க்கு ஒப்பிடுதல் பழகிய தொழில்தானே.

முதற்கண் நம் நாட்டு நெறி. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டப்படி அவ்வாண்டு சூலை முதல் நாளன்று இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் தோன்றிற்று. அச்சட்டத்தின் இறுதியில் இரண்டு அட்டவணைகள் உள்ளன. எவையெவை தொழில் ஒழுக்கக் கேடு என்பதை அவை வரிசைப்படுத்துகின்றன. தொழில் புரிவோர்க்கான முதல் அட்டவணையின் முதற்பகுதியைப் படிப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. விளம்பரம் செய்தல் குற்றம். வாடிக்கையாளரைத் தேடிப்போய் அழைத்தல் குற்றம். கட்டணத்தைப் பிறரோடு பகிர்தல் குற்றம். முந்தைய தணிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவியாமல் அவரிடத்தில் அமர்தல் குற்றம். இவற்றுட் பெரும்பாலானவை ஒரு கணக்கர் மற்றொரு கணக்கரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியவை. பொய்க் கணக்கால் ஏமாறக்கூடிய முதலீட்டாளரும் வங்கியும் இவ்வட்டவணையில் முகம் காட்டுவது குறைவு. அவர்கள் இரண்டாம் அட்டவணையில்தான் வருகின்றனர். தமக்குத் தெரிந்த முக்கியமான உண்மையை வெளியிடாது விடுதல், பிழையான அறிக்கையைப் பிழையென்று கூறாது விடுதல், தக்க கவனமின்றிப் பணிபுரிதல், போதிய தகவல் பெறாமலே கருத்துரைத்தல் ஆகியன ஆங்கே கூறப்படுகின்றன. இரண்டாம் அட்டவணைக் குற்றங்களே கடுமையானவையாகக் கொள்ளப்படுகின்றன என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிட வேண்டும்.

முந்தைய தணிக்கையாளருக்கு எழுதிக் கேட்கும் விதி வெறும் தொழில் மரியாதை என்று தள்ளத்தக்கதன்று. வளைந்து கொடுக்காத தணிக்கையாளரை நீக்கிவிட்டு வளைந்து கொடுப்பவரைத் தேடும் நிறுவனத்திற்கு அஃது ஒரு சிறு முட்டுக்கட்டை. விளம்பரத் தடை பற்றி அவ்வளவு உறுதியாகக் கூற எம்மால் இயலவில்லை. அமெரிக்கக் கணக்கர் கழகம் இத்தகைய தடையை 1970களின் இறுதியிலேயே கைவிட்டது. நம் கழகமும் காலப்போக்கில் சில தளர்வுகளைச் செய்துள்ளது. விளம்பரம் செய்த கணக்கர் எல்லாம் பொய்யர் ஆகிவிடவில்லை; விளம்பரம் செய்யாதவர் எல்லாம் மெய்யராக இருந்துவிடவும் இல்லை.

முதல் அட்டவணையின் பன்னிரண்டாம் விதியை மட்டும் வாசகர் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். தாம் இடவேண்டிய கையொப்பத்தைப் பட்டயக் கணக்கர் அல்லாத ஒருவரோ, தம் கூட்டாளி அல்லாத ஒருவரோ இடுமாறு விடுதல் குற்றம் என்பது அது. கணக்கிற்குப் பொறுப்பான கை எதுவோ அதுவே ஓலையில் பதிய வேண்டும் என்னும் இக்கருத்துக்கு ஆயிரம் ஆண்டு வயது உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பன்னாட்டு நெறி இதனினும் வேறானது. கணக்கர்களுக்கான பன்னாட்டு ஒழுக்கநெறி வாரியம் வகுத்த நூல் 2018இல் புதுக்கி அமைக்கப்பட்டது. நம் கழகமும் அதனைத் தழுவித் தன் நெறிநூலைத் திருத்தி 2020 சூலை முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. அந்நூல் குற்றப் பட்டியலோடு நின்றுவிடாமல் ஐந்து அடிப்படைப் பண்புகளை நிறுவுகிறது: நேர்மை, நடுவுநிலை, திறமையும் உரிய கவனமும், மறைபொருள் காத்தல், தொழிலுக்கேற்ற நடத்தை. பின்னர் இப்பண்புகளைக் குலைக்கவல்ல இடர்கள் ஐந்தினை எண்ணுகிறது. தன்னலம் ஒன்று, தான் செய்த பணியைத் தானே மதிப்பிடுதல் ஒன்று, வாடிக்கையாளருக்கு வழக்கறிஞராகிவிடுதல் ஒன்று, நெடுநாட் பழக்கத்தால் கண் மங்குதல் ஒன்று, அச்சுறுத்தலுக்கு ஆட்படுதல் ஒன்று. மனிதன் எவ்விடத்தில் வழுக்குவான் என்பதை அறிந்தவர் எழுதிய நூல் அது என்பதில் ஐயமில்லை. நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் மரபினர்க்கு இப்பகுப்பு அயலாகத் தோன்றாது.

எம் மாணவர் வினாவிற்கு அணுக்கமாக வரும் பகுதியும் அந்நூலில் உண்டு. அதன் இரண்டாம் பாகம் நிறுவனங்களில் ஊதியத்திற்குப் பணிபுரியும் கணக்கருக்கென்றே எழுதப்பட்டது. மேலதிகாரியின் நெருக்குதலால் நெறி பிறழுமாறு வற்புறுத்தப்பட்டால் செய்ய வேண்டுவன யாவை என்பதற்கு அதில் ஒரு தனிப் பிரிவே உள்ளது. நெருக்குபவரிடமே பேசிப் பார்க்கலாம். அவருக்கு மேலுள்ளவரிடம் எடுத்துச் செல்லலாம். சட்ட அறிவுரை பெறலாம். இறுதியாகப் பதவியிலிருந்து விலகலாம். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆயினும் ‘விலகலாம்’ என்னும் அச்சொல் எத்தனை எளிது! தங்கையின் திருமணக் கடனும் தந்தையின் மருந்துச் செலவும் தோளில் இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு அச்சொல்லால் ஆவதென்ன? அன்றியும் இந்நெறி கழகங்களின் உறுப்பினரை மட்டுமே கட்டும். மண்டிக் கணக்குப் பிள்ளை எக்கழகத்திற்கும் உறுப்பினர் அல்லர்.

அமெரிக்காவின் பட்டறிவு வேறொரு திசையைக் காட்டுகிறது. என்ரான் நிறுவனம் 2001இல் வீழ்ந்தபோது அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன், முந்தைய ஆண்டில் தணிக்கைக் கட்டணமாக இரண்டரைக் கோடி டாலரும், ஆலோசனை முதலிய பிற பணிகட்கு அதனினும் மிகுதியாக 2 கோடியே 70 இலட்சம் டாலரும் பெற்றிருந்தமை வெளிப்பட்டது. வலக்கையால் ஆலோசனை கூறி இடக்கையால் அதனைத் தணிக்கை செய்தால் நடுவுநிலை எங்ஙனம் நிற்கும்? 2002இல் இயற்றப்பட்ட சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் தணிக்கையாளர் தம் வாடிக்கையாளருக்குப் பிற பணிகள் பலவற்றைச் செய்வதைத் தடுத்ததோடு, தணிக்கையாளரைக் கண்காணிக்கத் தனி வாரியம் ஒன்றையும் நிறுவிற்று. தொழிலார் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும் முறைக்கு அங்கே ஓர் எல்லை வகுக்கப்பட்டது.

நமக்கு அப்பாடம் நம் அண்டை மாநிலத் தலைநகரிலிருந்து வந்தது. 2009 சனவரி 7ஆம் நாள் ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. ஏட்டில் காட்டப்பட்ட ரொக்கமும் வங்கி இருப்புமான 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். வங்கியில் இருக்கும் பணத்தை வங்கியிடமே நேரிற் கேட்டு உறுதி செய்துகொள்ளுதல் தணிக்கையின் அரிச்சுவடி. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் பெரும் பெயர் தாங்கிய தணிக்கை நிறுவனத்தார் அவ்வரிச்சுவடியையே கைவிட்டனர் என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையங்கள் 2011இல் கண்டு அபராதம் விதித்தன. ஆண்டர்சனுக்கும் இவர்களுக்கும் ஒழுக்கநெறி நூல்கள் இல்லாமற் போகவில்லை. நூல் அலமாரியில் இருந்தது. கட்டணம் மேசையில் இருந்தது.

சத்யம் வழக்கில் நாளேடுகள் மிகுதியாகப் பேசாத செய்தி ஒன்றுண்டு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி விற்பனைப் பட்டியல்கள் அந்நிறுவனத்தில் உண்டாக்கப்பட்டிருந்தன. இவற்றைத் தலைவர் தம் கையால் தட்டச்சு செய்திருக்க இயலாது. 2015 ஏப்ரலில் ஐதராபாத் தனி நீதிமன்றம் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்த பதின்மருள் தலைவரும் அவர்தம் உடன்பிறந்தாரும் தணிக்கையாளர் இருவரும் இருந்தனர். அவர்களோடு நிதிப் பிரிவில் ஊதியத்திற்குப் பணிபுரிந்தவர்களும் உள் தணிக்கைக்குப் பொறுப்பாயிருந்தவரும் இருந்தனர். தீர்ப்பு மேல்முறையீட்டிற்குச் சென்றது. அதன் முடிவு எதுவாயினும், எழுதும் கை குற்றக்கூண்டிலிருந்து தப்புவதில்லை என்பது உறுதியாயிற்று. ‘உனக்கென்னப்பா வந்தது’ என்னும் ஆறுதல் எத்துணைப் பொய்யானது என்பதை எம் மாணவர்கள் இவ்வழக்கிலிருந்து அறிந்துகொள்ளட்டும்.

சத்யத்திற்குப் பின் நம் சட்டமும் விழித்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முதலியவற்றில் ஒரே தணிக்கை நிறுவனம் பத்தாண்டுக்கு மேல் தொடர்வதைத் தடுத்தது. ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆன மோசடியைத் தணிக்கையாளர் நடுவண் அரசுக்கே அறிவிக்க வேண்டும் என்னும் நிலையை உண்டாக்கியது. தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018 அக்டோபரில் நிறுவப்பட்டது. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்னும் தடம் அழியாது பதிவாக வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இவை அனைத்தும் நல்லனவே. ஆயினும் அத்தடத்தில் பதிவாவது கணக்குப் பிள்ளையின் பெயர்; அவரை அவ்வாறு எழுதச் சொன்னவரின் பெயர் அன்று! முறையிடுவோர் பழிவாங்கப்படாமற் காக்கும் ஏற்பாட்டைப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கட்கும் வேறு சிலவற்றிற்கும் அச்சட்டத்தின் 177ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. மண்டிக்கும் துணிக்கடைக்கும் அப்பிரிவு எட்டாது.

இனி நம் பழைய ஆவணங்களுக்கு வருவோம். தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கனகம்மாசத்திரம் அடங்கியுள்ள ஒன்றியத்தின் பெயரே திருவாலங்காடு. அவ்வூர்க் கோயிலுக்குப் பழையனூரை அளித்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளை வரலாற்று மாணவர் அரசர் மெய்யும் வென்ற நாடும் அறியும் பொருட்டுப் படிக்கின்றனர். கணக்கு மாணவர் படிக்க வேண்டிய பகுதி வேறு. அரசன் வாய்மொழியாகக் கூறிய ஆணை ஏட்டில் ஏறும்வரை அது கடந்து செல்லும் கைகளை அச்செப்பேடு பெயரோடும் பதவியோடும் வரிசைப்படுத்துகிறது. புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என வரித்துறையின் பல பிரிவு அலுவலர் அதில் இடம்பெறுகின்றனர். எழுதியவன் பெயரும் உண்டு. எழுதச் சொன்னவன் பெயரும் உண்டு. உடனிருந்தவன் பெயரும் உண்டு. மன்னன் சொன்னான் என்று எழுத்தன் ஒருவனைத் தனியே நிற்க விடவில்லை அந்த ஆவணம். இன்றைய மென்பொருட் தடத்தில் இல்லாத நிறைவு இது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இதனினும் நம் பொருளுக்கு உரியது. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட ஊர்ச்சபை விதிகளைக் குடவோலைக்காகவே நாம் போற்றி வருகிறோம். மேடைப் பேச்சாளர் அதற்கு மேல் படிப்பதில்லை. ஊர்க் கணக்கெழுதுவோனுக்கு அக்கல்வெட்டு கூறும் நெறியையும் படித்தல் வேண்டும். நல்வழியில் பொருள் ஈட்டியவனையே கணக்கெழுத அமர்த்த வேண்டும். அவன் தான் எழுதிய காலத்துக் கணக்கைப் பெருவாரியத்தார் முன் ஒப்படைத்துத் தூயவன் என்று காணப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே சென்று காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்து வைத்தல் ஆகாது.

பட்டயக் கணக்கர் சட்டத்தின் பன்னிரண்டாம் விதியை நினைவில் இருத்தச் சொன்னோம். இரண்டும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். ஆயின் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. இன்றைய விதி கையொப்பமிடுபவரைப் பற்றியது. பராந்தகன் காலத்து விதி எழுதுபவனைப் பற்றியது. எழுதியவனே சபை முன் நின்று தன் கணக்கைக் காட்டினான் என்பதால், கேள்வி எழும்போது விடையளிக்கும் வாய்ப்பும் அவனுக்கே இருந்தது. ‘இவ்வாறு எழுதுமாறு இன்னார் கூறினார்’ என்று ஊரறியச் சொல்ல ஓர் இடம் இருந்தது என்றும் இதனைக் கொள்ளலாம். இஃது எம் ஊகமே. கல்வெட்டு அதனை வெளிப்படக் கூறவில்லை.

உறவினர் பற்றிய விதியிலும் ஒப்பீடு சுவையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் தாய்மாமன், மாமனார், மைத்துனர், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் எனச் சுற்றத்தார் பலரும் வாரியத்திற்கு வரத் தகாதவர் என்கிறது உத்திரமேரூர். இன்றைய கம்பெனிச் சட்ட விதிகள் உறவினர் என்று எண்ணுவது கணவன் மனைவி, பெற்றோர், மக்கள், மக்களின் துணைவர், உடன்பிறந்தார், பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தார் என்னும் அளவோடு நின்றுவிடுகிறது. மைத்துனன் சட்டத்தின் கண்ணுக்கு உறவினன் அல்லன்! தமிழ்நாட்டில் வாழ்ந்த எவரும் இப்படியொரு விதியை எழுதத் துணியார்.

அச்சபையை நாம் பொற்காலமாக்கிப் பாட வேண்டுவதில்லை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. பிற்காலத்தில் கர்ணம் என்னும் ஊர்க் கணக்குப் பதவி பரம்பரைச் சொத்தாகி, கேட்பாரற்ற அதிகாரமாய் வளர்ந்ததையும் மறத்தலாகாது. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதியினர்க்குத் தமிழிலும் தெலுங்கிலும் கர்ணம் என்ற சொல்லே போதும். பழைய தலைமுறையினர் முகம் சுளிப்பதைக் காணலாம். தமிழ்நாட்டில் 1980இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. எழுதுவோனுக்குக் காப்பு வேண்டும் என்று வாதிடும் யாம், கேள்வியில்லாத காப்பு என்னவாகும் என்பதற்கு இதனையே சான்றாக வைக்கிறோம்.

கேள்வியும் காப்பும் ஒருங்கே அமைந்த நெறி ஒன்றைத் திருக்குர்ஆனில் காண்கிறோம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அத்திருமறையின் வசனங்களுள் மிக நீண்டது. அது பேசுவது கடன் கணக்கை எழுதுவது பற்றி. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எழுத அழைக்கப்பட்டால் மறுத்தலாகாது, கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவர் இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது, சாட்சிகள் வேண்டும். இவற்றை நம் மார்க்க அறிஞர்கள் பலமுறை விளக்கியுள்ளனர். அவ்வசனத்தின் இறுதிப் பகுதியில் வரும் கட்டளையொன்று போதிய அளவு பேசப்படவில்லை என்பது எம் எண்ணம். எழுதுபவருக்கோ சாட்சிக்கோ இடர் விளைவித்தல் ஆகாது, விளைவித்தால் அது பாவம் என்று அது அறுதியிடுகிறது. அறிஞர்கள் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் கூறுவர். எழுதுபவர் பிறருக்கு இடர் செய்யலாகாது என்பதும் ஒரு பொருள். எழுதுபவருக்கு இடர் செய்யலாகாது என்னும் பொருளையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். மற்றைய நெறிகளெல்லாம் கணக்கனை நோக்கி ‘நேர்மையாயிரு’ என்கின்றன. இவ்வசனம் கணக்கனை அமர்த்துகின்றவரை நோக்கியும் பேசுகிறது.

பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு 1991 முதல் இயங்கிவரும், இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் மற்றும் தணிக்கை அமைப்பு, கணக்கர்க்கும் தணிக்கையாளர்க்கும் தனி ஒழுக்கநெறி வகுத்துள்ளது. பன்னாட்டு நெறியின் நடுவுநிலை, திறமை முதலியவற்றோடு அமானிதம், மார்க்கத்திற்கு உடன்பட்ட தன்மை, இறைநம்பிக்கையால் உந்தப்பட்ட நடத்தை ஆகியவற்றையும் அது சேர்க்கிறது. இறைவன் பார்க்கிறான் என்னும் உணர்வு சட்டம் எட்டாத மண்டி மேசையையும் எட்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்நெறியின் பேச்சும் பெரும்பாலும் கணக்கரை நோக்கியதே. முதலாளியும் அதே இறைவனின் பார்வையில்தான் அமர்ந்திருக்கிறார்.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர்களிடம் சில சொற்கள் கூற அனுமதி வேண்டுகிறோம். 1995ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம் பின்னர்த் திருத்தங்கள் பல கண்டுள்ளது. முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்திற்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், அது தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்னும் கடமை அதில் உள்ளது. கணக்கு எழுதப்படுவது யாரால்? பெரும்பாலும் மஹல்லாவைச் சேர்ந்த படித்த இளைஞர் ஒருவர் ஊதியமின்றியோ சிறு தொகைக்கோ எழுதுகிறார். ஆண்டுக் கூட்டத்தில் அதனைப் படிப்பவர் செயலாளர், கையொப்பமிடுபவர் பொருளாளர், எழுதிய பிள்ளை கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார், பல ஊர்களில் அமர்வதும் இல்லை. சரிபார்ப்பவர் பொருளாளரின் மைத்துனராக இருப்பதும் உண்டு. கெட்ட எண்ணத்தால் இவ்வாறு நடப்பதாக யாம் கூறவில்லை. நம்பிக்கை மிகுந்த இடத்தில் கேள்வி கேட்பது அவமரியாதை என்று கருதப்படுகிறது, அவ்வளவே. பள்ளிவாசலுக்குக் கூறுவது கோயில் திருப்பணிக் குழுவுக்கும் தேவாலய நிதிக்கும் கூட்டுறவு நெசவாளர் சங்கத்துக்கும் பொருந்தும்; நம் வாசகர்கள் பெரும்பாலோர்க்கு உரிய இடத்தை முதலிற் கூறினோம்.

எழுதியவரே கூட்டத்தின் முன் நின்று தம் கணக்கைப் படிக்கட்டும். கூட்டத்தார் கேட்பதற்கு அவரே விடையளிக்கட்டும். சரிபார்ப்பவர் நிர்வாகியின் மாமன் மைத்துனர் வரிசையில் இல்லாதவராக இருக்கட்டும். மூன்றாண்டுக்கொருமுறை அவரும் மாறட்டும். ஒரு செலவை இன்னவாறு எழுது என்று கூறும் நிர்வாகி, அக்கூற்றைச் சீட்டில் எழுதித் தம் பெயரை இடட்டும். இந்த நான்கில் எதற்கும் சட்டத் திருத்தம் வேண்டுவதில்லை, செலவும் இல்லை. முதல் மூன்றை எளிதில் ஏற்பவர்கள் நான்காவதில் தயங்குவர் என்பதை அறிவோம். தயக்கம் எழும் அவ்விடமே கணக்குப் பிள்ளை நாள்தோறும் தனியே நிற்கும் இடம்.

கடை முதலாளிகள் இதனைக் கேட்பார்களா என்னும் ஐயம் எமக்கும் உண்டு. ஆயினும் கல்லூரியால் இயன்றது ஒன்றுண்டு. மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர்களைப் பணிப் பயிற்சிக்கு அனுப்பும்போது நிறுவனத்தார்க்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறோம். மாணவரின் பெயர், வகுப்பு, பயிற்சி நாட்கள், ஒழுங்காக நடந்துகொள்வார் என்னும் உறுதி ஆகியன அதில் உள. மாணவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்று உறுதியளிக்கும் அக்கடிதம், மாணவரிடம் நிறுவனத்தார் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சொல்லும் கூறவில்லை. உண்மைக்கு மாறான பதிவு எதையும் எழுதுமாறு இம்மாணவரைப் பணித்தலாகாது. அவ்வாறு பணிக்கப்பட்டால் மறுக்கவும், துறைத்தலைவருக்குத் தெரிவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மறுத்தமைக்காகப் பயிற்சிச் சான்றிதழை நிறுத்துதல் கூடாது. இம்மூன்று வரிகளையும் சேர்க்குமாறு வணிகவியல் துறைத்தலைவரையும் நிர்வாகத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம். எல்லைக்கு அப்பாலுள்ள நிறுவனங்களுக்குத் தெலுங்கிலும் ஒரு படி வேண்டியிருக்கும். தமிழ் வாசகத்தை எழுதித் தர எம் துறை ஆயத்தமாக உள்ளது.